எண்ணெய்த் துறையிலிருந்து விலகும் இளைஞர்

கடலூர் நகரின் மஞ்சக்குப்பத்துக்குத் தெற்கே, கரையோரம் எழுந்துகொண்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2011 டிசம்பர் 30 அன்று கரைகடந்த தானே புயலில் சேதமுற்றுப் பணி முடங்கியது, எண்ணெய்த் துறை வேலை எவ்வளவு நிலையற்றது என்பதற்குச் சான்றாகும். கச்சா எண்ணெயைச் சூடாக்கி பெட்ரோல், டீசல் எனப் பிரிக்கும் இத்தொழிலில் வேலைவாய்ப்பும் விலையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை, அதாவது பின்னர் பெறவிருக்கும் சரக்குக்கு முன்னரே பேசும் விலை, பூச்சியத்துக்கும் கீழே சரிந்தது. கடல்நடு மேடைகளில் நாளுக்கு 12 மணி நேரமென 14 நாள் தொடர்ந்து உழைப்பது குடும்பத்தையும் பிரிக்கிறது. இவற்றால்தான் இளைஞர் இத்துறையிலிருந்து விலகுகின்றனர். காவிரிப் படுகையில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்த 2020ஆம் ஆண்டுச் சட்டம் விளைநிலத்தைக் காப்பதால் வரவேற்கத்தக்கதே; ஆயினும், படித்த பிள்ளைகளுக்கு நிலையான மாற்று வேலையை உருவாக்குவதும் அதே அளவு தலையாய கடமையாகும்.