பாட்டி வைத்தியம் – எதுவரைக்கும்?



நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மஞ்சள், மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு. இவை பாதி சமையலுக்கு என்றால், பாதி வைத்தியத்துக்கு! சளி பிடித்தால் மிளகு ரசம், வயிறு பொருமினால் ஓமத் தண்ணீர், தொண்டை கட்டினால் மஞ்சள் போட்ட பால். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கடைக்குப் போனால் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தரை துடைக்கும் திரவம் என்று எதை எடுத்தாலும் அதன்மேல் ஒரு பச்சை இலைப் படம், "மூலிகை", "இயற்கை" என்ற எழுத்து. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, 'இயற்கைன்னாலே நல்லது, கெமிக்கல்னாலே கெட்டது' என்று நம் மனதில் பதிந்துவிட்டது.

இது சரிதானா? வீட்டு வைத்தியத்தில் எது வேலை செய்கிறது, ஏன் வேலை செய்கிறது, எந்த இடத்தில் அது நிற்க வேண்டும்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். கடைசிப் பகுதியைத் தயவுசெய்து படிக்காமல் போய்விடாதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

1. மஞ்சள் – அடுப்படியில் ஓர் ஆய்வகம்

மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். மஞ்சள் கறை பட்ட வெள்ளைத் துணியில் சோப்பைத் தேய்த்தால் கறை சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், அதே இடத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பவும் மஞ்சளாகிவிடும். நம்ம ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை மஞ்சளும் செய்கிறது! காரம் பட்டால் சிவப்பு, அமிலம் பட்டால் மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் 'குபுக்'கென்று சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

சிறு காயங்களில் மஞ்சள் பூசும் வழக்கம் நம் நாட்டில் காலங்காலமாக உண்டு. ஆனால் 1995-ல் அமெரிக்காவில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு (சி.எஸ்.ஐ.ஆர்.) இதை எதிர்த்து வாதாடியது. 'இது எங்களுக்குப் புதுசு இல்லை' என்று பழைய நூல்களையும் கட்டுரைகளையும் ஆதாரமாகக் காட்டியது. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. வேப்பெண்ணெய்க்கு ஐரோப்பாவில் 1994-ல் கொடுத்த ஒரு காப்புரிமையும் 2000-ல் ரத்தாகி, 2005-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பாட்டிக்குத் தெரிந்தது எழுத்தில் இருந்தால்தான் அது சாட்சி சொல்லும்!

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கடையில் வாங்கும் மஞ்சள் தூளில் கலப்படம் இருக்கலாம். அதைத் திறந்த காயத்தில் கொட்டுவதைவிட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் முதல் வைத்தியம்.

2. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் ஏன் நுரைக்கின்றன?

பூந்திக்கொட்டைத் தோலிலும் சீயக்காயிலும் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. இதன் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். அதனால் எண்ணெய் அழுக்கைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகிறது. சோப்பும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. அதாவது சீயக்காய் செய்வதும் கெமிக்கல் வேலைதான்!

*செய்து பார்ப்போம்:* பத்துப் பதினைந்து பூந்திக்கொட்டையை உடைத்து, விதையை எடுத்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கசக்கி வடிகட்டுங்கள். பட்டுத் துணி, வெள்ளி நகை, சமையலறை மேடை எல்லாம் துடைக்கலாம். இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும் என்பதால் கொஞ்சமாகச் செய்வது நல்லது. கண்ணில் பட்டால் எரியும். குளத்திலோ மீன் தொட்டியிலோ ஊற்றக் கூடாது, சபோனின் மீன்களுக்கு விஷம்.

3. புளியும் எலுமிச்சையும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடுகிறதே, எப்படி? உலோகத்தின்மேல் காற்று பட்டுப் படியும் ஆக்சைடைப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைத்துவிடுகிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். குழாய் வாயில் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு எலுமிச்சைத் தோல் போதும்.

சிலர் எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்து, நுரை பொங்குவதைப் பார்த்து 'ஆகா, எவ்வளவு சக்தி!' என்பார்கள். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று அடக்கிவிட, மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் இரண்டுக்கும் மதிப்பு.

எச்சரிக்கை! கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய கழிவறைக்குள் அது நுரையீரலைத் தாக்கி ஆளையே சாய்த்துவிடும். வீட்டில் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

4. வேம்பும் நொச்சியும்

அரிசிப் பானையிலும் பயறு டப்பாவிலும் காய்ந்த வேப்பிலை, நொச்சியிலை போடுவது நம் வழக்கம். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிகளைச் சாப்பிடவிடாமல், தோலுரித்து வளரவிடாமல் தடுக்கிறது. ஆனால் தானியம் ஈரமாக இருந்தால் எந்த இலையும் காப்பாற்றாது. முதலில் நல்ல வெயில், அப்புறம்தான் இலை.

கொசுவுக்கு வேப்பிலைப் புகை போடுகிறோம். கொசு கொஞ்சம் ஒதுங்கும், உண்மைதான். ஆனால் புகை புகைதான். அது வேப்பம் புகையானாலும் சரி, கொசுவத்திப் புகையானாலும் சரி, இளைப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆகாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் பறக்கும் கொசுவாகிவிடும். பகலிலேயே கடிக்கும். அதனால் வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்ப்பதுதான் இதற்குச் சிறந்த இயற்கை மருந்து. செலவும் இல்லை, புகையும் இல்லை!

5. உயிர் காத்த உப்பும் சர்க்கரையும்

வீட்டு வைத்தியங்களிலேயே ராஜா எது என்று கேட்டால், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று தயங்காமல் சொல்லலாம்.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் என்ன செய்தார் தெரியுமா? உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்து டிரம்மில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்து வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். 100-க்குச் சுமார் 30 பேர் இறந்துகொண்டிருந்த முகாமில் அந்த எண்ணிக்கை 4-க்கும் கீழே இறங்கியது. 2022-ல் மறைந்த அவருக்கு 2023-ல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இதன் ரகசியம் எளிமையானது. நம் குடலில் சர்க்கரை உள்ளே போகும்போது உப்பையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. சர்க்கரை இல்லாவிட்டால் உப்பு சரியாகச் சேராது.

*அளவு:* கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாம் தலை தட்டி அளக்க வேண்டும். ஒரு நாளைக்குள் குடித்து முடிக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல். குழந்தை சோர்ந்து கண் உள்ளே போயிருந்தாலோ, குடிக்க முடியாமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, உடனே ஆஸ்பத்திரி!

6. இங்கே பாட்டி வைத்தியம் நிற்க வேண்டும்!

*நாய்க்கடி:* மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். பிறகு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்தாமல் எல்லாத் தவணையும் போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். வீட்டில் திட்டுவார்களே என்று நாய் கடித்ததை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்!

*பாம்புக்கடி:* சிறியாநங்கை இலையைத் தின்னக் கொடுத்து, 'கசக்குதா, இனிக்குதா?' என்று கேட்டு விஷம் ஏறியதா என்று பார்க்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. நாக்கின் ருசியை வைத்து விஷத்தை அளக்க முடியாது. கட்டுவிரியன் கடித்தால் வலிகூடத் தெரியாது, தரையில் தூங்குகிறவர்களை இரவில் கடித்துவிட்டுப் போய்விடும். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட இடம் அசையாமல் வைத்து 108-க்குப் போன் செய்ய வேண்டும். விஷமுறிவு மருந்து எப்படிக் கிடைக்கிறது? பாம்பிலிருந்தே எடுத்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து தயாரிக்கிறார்கள். அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் செயல்படும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். ஆக, ஊசி மருந்துக்குள்ளும் நம்ம மக்களின் பாரம்பரிய அறிவு இருக்கிறது!

*மஞ்சள் காமாலை:* காமாலை என்பது ஒரே நோய் அல்ல. பல நோய்கள் காட்டும் ஓர் அறிகுறி. கிருமியால் வரும் ஒருவகைக் காமாலை (ஹெபடைடிஸ் ஏ) பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அப்போது எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். பித்தப்பைக் கல்லாலோ எலிக்காய்ச்சலாலோ வந்திருந்தால்? காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. கீழாநெல்லியைச் சென்னையில் ஆராய்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக நல்ல பலன் என்று 1988-ல் வெளியிட்டார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

*கைக்குழந்தைகள்:* ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பதும் கூடாது. அப்படிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். பெரியவர் தலையில் தேய்த்தால் நல்லது, குழந்தை வயிற்றுக்குள் போனால் விஷம். பொருள் ஒன்றுதான், ஆளும் அளவும் வேறு.

7. அப்போ முடிவு என்ன?

அரளி விதையும் இயற்கைதான், ஊமத்தங்காயும் இயற்கைதான். யாராவது தின்போமா? 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அதற்காக மூலிகை எல்லாம் பொய் என்று ஆகிவிடாது. சீன விஞ்ஞானி டூ யூயூ அம்மையார் 1970-களில் பழைய சீன வைத்தியக் குறிப்பைப் படித்து, ஒருவகை மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். சூடுபடுத்தினால் மருந்து கெடுகிறது என்று கண்டுபிடித்துக் குறைந்த வெப்பத்தில் எடுத்தார், சோதித்தார், அளவு வகுத்தார். 2015-ல் நோபல் பரிசு! குறிப்பு பழையது, சோதனை புதியது. இரண்டும் சேர்ந்ததால் மருந்து பிறந்தது.

எனவே தோழர்களே, எந்த வீட்டு வைத்தியமாக இருந்தாலும், எந்த 'மூலிகை' பாக்கெட்டாக இருந்தாலும், மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. இதில் என்ன இருக்கிறது? (இலைப் படத்தை அல்ல, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.)
2. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள்?
3. இதைச் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம் வீணாகிறதா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்றால் உடனே கிளம்பிவிட வேண்டும். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவங்க வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க, பேரப்பிள்ளை பிழைப்பதுதானே அவங்களுக்கும் வேண்டும்!

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஆளுக்கு ஒரு கைவைத்தியம் எழுதி வாருங்கள். இலையின் பெயர், அளவு, எதற்கு என்று தெளிவாக எழுதுங்கள். அறிவியல் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்து, அடுத்த இதழில் இதே பலகையில் ஒட்டுவோம்.



– பள்ளி அறிவியல் மன்றத்திற்காக,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு