மழையில் ஊறிய துப்பாக்கி!

மழைக்காலம் வந்தால் சில வீடுகளில் கதவு மூட மறுக்கும். மரம் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். தச்சர் வந்து கொஞ்சம் இழைத்துக் கொடுப்பார். தொல்லை தீர்ந்தது.

இதே தொல்லை துப்பாக்கிக்கு வந்தால்?

வந்தது! வியட்நாம் போரில் வந்தது.

1966-ம் ஆண்டு அமெரிக்க மரைன் படைக்கு 'எம்.40' என்ற ரைபிளைக் கொடுத்தார்கள். ஒளிந்திருந்து நெடுந்தூரம் குறிபார்த்துச் சுடும் வீரர்களுக்கான ரைபிள் அது. அதன் கட்டை, வால்நட் மரம். காட்டு மழையிலும் புழுக்கத்திலும் மரம் உப்பியது, கோணிக்கொண்டது. குழலில் போய் இடித்தது. குறி மாறியது!

ஒளிந்து சுடுபவனுக்குக் குறி தப்பினால் என்ன ஆகும்? அவன் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். பிறகு அவன் உயிருக்கே ஆபத்து.

காகிதத்தின் கனம்

"மரம் கொஞ்சம் உப்பினால் குண்டு தள்ளிப் போகுமா?" என்று கேட்பீர்கள்.

கணக்குப் பாருங்கள். குழலின் நீளம் சுமார் 60 சென்டிமீட்டர். அதன் நுனி ஒரு காகிதத்தின் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர், விலகினால் போதும். 600 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும்!

இன்னொன்றும் உண்டு. சுடும்போது குழல் அதிரும். வெண்கலச் சொம்பைத் தட்டிவிட்டு விரலை வைத்தால் ஓசை மாறுகிறது அல்லவா? அதுபோல் மரம் தொட்டால் குழலின் அதிர்வு மாறிவிடும். அதனால்தான் குழலை எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிறுத்துகிறார்கள். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள். தடையில்லாமல் ஓட வேண்டும்.

துப்பாக்கிக்குப் படுக்கை

குழலுக்குப் பின்னால் இருப்பது, தோட்டாவைப் பூட்டும் இரும்புக் கூடு. அதைத் திருகாணிகளால் கட்டையோடு முடுக்குகிறார்கள். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருந்தால் முடுக்க முடுக்க இரும்பே வளையும்! ஆடுகிற மேஜைக்குக் காகிதம் மடித்து வைக்கும் வேலை இங்கே நடக்காது.

ஆகவே படுக்கை போடுகிறார்கள். கட்டையில் கொஞ்சம் மரத்தைச் சுரண்டி எடுத்து, 'எபாக்சி' என்ற பசையை நிரப்புவார்கள். இரும்பில் மெழுகு பூசி அதன்மேல் அமர்த்துவார்கள். மெழுகை மறந்தால் போச்சு, துப்பாக்கி பிறகு கழன்று வராது! பசை இறுகியதும் தூக்கிப் பார்த்தால், இரும்பின் அச்சு அப்படியே பதிந்திருக்கும்.

சரியாக அமர்ந்ததா என்று அறிவது எப்படி? குழலும் கட்டையும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு திருகாணியைத் தளர்த்துவார்கள். குழல் அசைவது விரலுக்குத் தெரிந்தால், வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

மரைன் படையினர் 1970-களில் மரத்தையே கைவிட்டார்கள். கண்ணாடி நாரில் செய்த கட்டைக்கு மாறினார்கள். அது ஈரம் குடிக்காது.

லாரியைப்போல!

இங்கிலாந்தில் மால்கம் கூப்பர் என்று ஒருவர். துப்பாக்கி சுடும் வீரர். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ், 1988-ல் சியோல், இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1978-ல் நண்பர்களுடன் சேர்ந்து ரைபிள் செய்யும் தொழில் தொடங்கினார்.

லாரிக்கு அடியில் உள்ள சட்டத்தைச் சேஸிஸ் என்கிறோம். கூப்பர் குழுவினர் துப்பாக்கிக்கே சேஸிஸ் செய்தார்கள்! நீளமான அலுமினியச் சட்டம். அதில் இரும்புக் கூட்டைத் திருகாணி போட்டு, பசையாலும் ஒட்டிவிட்டார்கள். கையில் பிடிக்கும் பாகம் வெறும் பிளாஸ்டிக் ஓடு. இரண்டு பாதியாக வெளியே மாட்டியது. அது உடைந்தாலும் குறி மாறாது.

1980-களில் பிரிட்டிஷ் ராணுவம் அந்த ரைபிளை எடுத்துக்கொண்டது. அடுத்துக் கேட்டு வாங்கியது ஸ்வீடன். அங்கே தொல்லை மழை அல்ல, உறைபனி!