கோழித் தீனில் ஈஸ்ட்: பைக்குள் இருப்பது என்ன?

கோழிப் பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கடந்த மாதம் என்னிடம் ஒரு பையைக் காட்டினார். தீனில் கலக்கும் ஈஸ்ட் தூள். "பாணுக்குப் போடுற ஈஸ்ட் கோழிக்கு எதுக்கு நானா? இது கிருமியைக் கொல்லுமாமே?" என்று கேட்டார். விற்றவர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஈஸ்ட் கிருமியைக் கொல்வதில்லை. அது செய்வது வேறு வேலை.

சல்மொனெல்லா என்ற பக்டீரியா கோழியின் குடலில் தங்கியிருந்தாலும் பெரும்பாலும் கோழி சுகமாகவே திரியும். வயிற்றோட்டமும் காய்ச்சலும் அதைச் சாப்பிடும் மனிதனுக்குத்தான். குடலைச் சுத்தம் செய்யும்போது கிழிந்தால் கிருமி இறைச்சியில் பரவிவிடும். எனவே இது கோழிக்கடைக்காரரும் ஹோட்டல் முதலாளியும் கவனிக்க வேண்டிய விடயம்.

முன்னர் பல நாடுகளில் குடல் நோயைத் தடுக்கவும் கோழி வேகமாக வளரவும் தீனில் சிறிதளவு அன்டிபயோட்டிக் கலந்தார்கள். கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்ற அச்சத்தால், வளர்ச்சிக்காக அதைக் கலப்பதை சுவீடன் 1986இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. அந்த இடத்தைப் பிடிக்க வந்த பொருட்களில் ஒன்றுதான் ஈஸ்ட்.

சல்மொனெல்லாவின் உடலில் மயிர் போன்ற நுண்ணிய இழைகள் உண்டு. குடல் சுவரிலுள்ள மனோஸ் என்ற சீனியை அவற்றால் பற்றிக்கொண்டுதான் அது குடியேறுகிறது. ஈஸ்டின் வெளிச்சுவரிலும் அதே மனோஸ் நிறைய இருக்கிறது. கிருமி ஏமாந்து ஈஸ்டைப் பிடித்துக்கொள்ள, இரண்டும் எச்சத்தோடு வெளியேறுகின்றன. வாடகை வீடு தேடி வந்தவன் ஓடுகிற பஸ்ஸில் ஏறிவிட்ட கதைதான். ஆனால் கம்பைலோபக்டர் என்ற மற்றக் கிருமி இப்படிப் பற்றுவதில்லை. அதற்கெதிராக ஈஸ்டை அவ்வளவு நம்ப முடியாது.

பையை வாங்குமுன் உள்ளே இருப்பது உயிருள்ள ஈஸ்டா, வெளிச்சுவர்த் தூளா என்று கேளுங்கள். தீனைக் குறுணலாக அழுத்தும் ஆலையில் சூடு 70, 80 பாகைக்கு ஏறும். பாதுகாப்புப் பூச்சு இல்லாத உயிர் ஈஸ்டில் பெரும்பகுதி அதில் செத்துவிடும். வெளிச்சுவர்த் தூள் தாங்கும். வழக்கமாக ஒரு தொன் தீனுக்கு 1 முதல் 2 கிலோ போடுவார்கள். குஞ்சு பொரித்த முதல் நாட்களில் குடலில் நல்ல பக்டீரியா குறைவு, கிருமி இலகுவாகக் குடியேறுவது அப்போதுதான். ஆகவே முதல் தீனிலேயே கொடுக்க வேண்டும். விற்கப் போகும் வாரத்தில் கொடுத்துப் பயனில்லை. அழுக்குத் தண்ணீரையும் ஈரமான உமியையும் வைத்துக்கொண்டு ஈஸ்டை மட்டும் கொட்டுவதும் வீண் செலவே.

நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தத் தொழிலில் பேர்போன ஓல்டெக் நிறுவனத்தை 1980இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஆரம்பித்த பியர்ஸ் லயன்ஸ், மதுபானத் தொழிலில் ஈஸ்டைப் படித்தவர். தீனுக்கு வரும் ஈஸ்டில் ஒரு பகுதி பியர் வடித்த பின் மிஞ்சுவது. இன்னொரு பகுதி கரும்புப் பாகில் இதற்கென்றே வளர்ப்பது. பார்வைக்கு இரண்டும் ஒரே தூள். இதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் மூலம் எதுவென்று எழுத்தில் கேட்டு வாங்கினால்தான் ஆலிமிடம் போய்க் கேட்கவே முடியும்.

நண்பர் பையை இன்னும் திறக்கவில்லை. கடிதம் வந்த பிறகு, அடுத்த தொகுதிக் குஞ்சுகளில் ஒரு கூட்டுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கப் போகிறாராம்.