கைபேசிப் பூட்டும் தவணைக் கணக்கும்

அமெரிக்காவில் திறன்பேசி வாங்குவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஏடி அண்ட் டி, வெரைசன், டி-மொபைல் போன்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் மாதக் கட்டணத்தோடு சேர்த்துத் தவணையில் பெறுவது ஒன்று. தயாரிப்பாளரிடமோ பொதுக் கடையிலோ முழு விலை கொடுத்து வாங்குவது மற்றொன்று. முதல் வகைக் கருவி பெரும்பாலும் பூட்டப்பட்டிருக்கும், அதாவது விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். இரண்டாம் வகை பொதுவாகப் பூட்டற்றது, அதில் எந்த நிறுவனத்தின் சிம்மையும் போட்டுக்கொள்ளலாம்.

பூட்டு என்று சொல்லப்படுவது ஒரு மென்பொருள் கட்டுப்பாடுதான். ஒவ்வொரு சிம்மிலும் பதிந்துள்ள சந்தாதாரர் எண்ணின் முதல் 3 இலக்கங்கள் நாட்டையும், அடுத்த 2 அல்லது 3 இலக்கங்கள் சேவை நிறுவனத்தையும் குறிக்கின்றன. இந்தியாவுக்கு 404, 405 ஆகியவை வழங்கப்பட்டுள்ளன. பூட்டிய கருவி அந்த இலக்கங்களைப் பார்த்து, வேறு நிறுவனத்தின் சிம் என்று கண்டால் இணைப்புத் தர மறுத்துவிடும்.

இந்தப் பூட்டு கடனுக்கு ஈடாக வைத்த அடகு போன்றது. 2007 ஜூன் மாதம் அறிமுகமான ஐபோன், 2011 பிப்ரவரியில் வெரைசனுக்கு வரும்வரை அமெரிக்காவில் ஏடி அண்ட் டியின் தனி உரிமையாகவே இருந்தது. 2008இல் அதன் அடுத்த வடிவம் இரண்டாண்டு ஒப்பந்தத்தின் பேரில் 199 டாலருக்கு விற்கப்பட்டதால், விலையில் விட்டுக்கொடுத்ததை மாதக் கட்டணத்தில் ஈட்ட, வாடிக்கையாளர் விலகாமலிருப்பது தேவைப்பட்டது. 2013 ஜனவரி முதல், புதிதாக வாங்கிய கைபேசியின் பூட்டை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்தின்படி அங்கே குற்றமாயிற்று. அதை எதிர்த்து வெள்ளை மாளிகைக்கு அனுப்பப்பட்ட மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, 2014 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா ஒப்பமிட்ட சட்டம் அவ்வுரிமையை மீட்டுத் தந்தது. கனடா 2017 டிசம்பரிலும் பிரிட்டன் 2021 டிசம்பரிலும் பூட்டிய கைபேசிகளின் விற்பனைக்கே தடை விதித்தன.

ஆகவே தேர்வு, அடகுக்கு ஈடான ஆதாயம் கிடைக்கிறதா என்ற கணக்கில் அடங்குகிறது. 720 டாலர் கருவி 36 மாதங்களுக்கு "இலவசம்" என்று ஒரு நிறுவனம் அறிவிப்பதாகக் கொள்வோம்: மாதம் 20 டாலர் தவணை எழுதப்பட்டு, அதே 20 டாலர் கழிவாகவும் வரவு வைக்கப்படும். பன்னிரண்டாம் மாதத்தில் விலகுபவருக்குக் கழிவு நின்றுபோக, மீதி 480 டாலர் மொத்தமாகக் கட்டவேண்டியதாகும். சலுகைக்காக மாதம் 15 டாலர் கூடுதலான திட்டத்தில் சேரவேண்டியிருந்தால், 36 மாதங்களில் அது மட்டுமே 540 டாலராகி, இலவசத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். எப்படியும் அதே விலையுயர்ந்த திட்டத்தில் நீடிப்பவருக்குச் சலுகை மெய்யான இலாபம். குறைந்த கட்டணச் சேவைகளுக்கு மாறவோ, வெளிநாடு சென்று உள்ளூர் சிம் போடவோ நினைப்பவருக்கு முழு விலையே மலிவு.

பூட்டற்றது என்பதனால் எல்லா இடத்திலும் நன்றாக இயங்கும் என்று பொருளில்லை. டி-மொபைல் பயன்படுத்தும் 600 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளைக் கருவி ஏற்காவிட்டால், சில இடங்களில் சமிக்ஞை மெலியும்; 2022இல் 3ஜி சேவையை ஏடி அண்ட் டி நிறுத்திய பின்னர், 4ஜி வழியே குரல் அழைப்பை அந்த வலையமைப்புக்கு ஏற்றபடி கொண்டுசெல்ல இயலாத கருவிகளில் அங்கே பேச முடியாது.

அமெரிக்க உறவினர் கொண்டுவரும் கைபேசியைப் பெறும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஐபோனில் அமைப்புகள் பகுதியின் 'அறிமுகம்' பக்கத்தில், சிம் கட்டுப்பாடு இல்லை என்ற வாசகம் இருக்கிறதா என்று விமானம் ஏறுமுன்பே பார்த்துவிடலாம். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14 முதலான கருவிகளில் சிம் அட்டை செருகும் இடமே இல்லை என்பதால், இங்கே இ-சிம் வாங்கவேண்டியிருக்கும். தவணை முடிந்தாலும் சில நிறுவனங்களில் கேட்டுப் பெற்றால்தான் பூட்டு திறக்கும். கடனை அடைத்தவர் அடகை மீட்க மறந்தால், பணம் கொடுத்து வாங்கிய பொருள் கைக்கு வந்தும் சொந்தமாவதில்லை.