தகர டப்பாவில் தூங்கிய சூப்பர்மேன்

பாதியில் விரட்டப்பட்ட இயக்குநரின் படம் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வீடியோ டிஸ்க்கில் உயிர் பெற்றது. ஒட்டுப்போட்ட இடங்கள் பளிச்செனத் தெரிகின்றன. அப்படியும் பார்க்க வேண்டிய படம்.

நயாகரா அருவிக்கரையில் ஒரு ஹோட்டல் அறை. பெண் நிருபர் லூயிஸ் லேன் கைத்துப்பாக்கியை எடுத்து, சக நிருபர் கிளார்க் கென்ட்டைக் குறிபார்த்துச் சுடுகிறாள். கிளார்க் விழவில்லை. கூன் நிமிர்கிறது. மூக்குக்கண்ணாடி கழல்கிறது. குரல் மாறுகிறது. அசட்டு நிருபர் நின்ற இடத்தில் சூப்பர்மேன் நிற்கிறான். உன் சந்தேகம் தவறாக இருந்திருந்தால் கிளார்க் செத்திருப்பானே என்று கடிந்துகொள்கிறான். துப்பாக்கியில் இருந்தது வெறும் வெற்றுத் தோட்டா என்கிறாள் லூயிஸ். உலகையே காப்பவன் ஒரு சாதாரணத் தந்திரத்தில் மாட்டிக்கொள்கிறான்.

சூப்பர்மேன் படங்களின் மிக நேர்த்தியான காட்சிகளில் இது ஒன்று. ஆனால் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஒரு ஷாட்டில் கிளார்க் ஒல்லியாக இருக்கிறான். அடுத்த ஷாட்டில் தோள் அகன்றிருக்கிறது. தலைமுடி மாறுகிறது, கண்ணாடியும் மாறுகிறது. காரணம் எளிது. இந்தக் காட்சி படத்துக்காக எடுக்கப்படவே இல்லை. கிறிஸ்டபர் ரீவையும் மார்கோ கிட்டரையும் தேர்வு செய்வதற்காக வெவ்வேறு சமயங்களில் எடுத்த ஸ்கிரீன் டெஸ்ட்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய காட்சி இது.

2006 நவம்பர் 28 அன்று வார்னர் ஹோம் வீடியோ வெளியிட்ட ‘சூப்பர்மேன் 2: தி ரிச்சர்ட் டோனர் கட்’ டிஸ்க்கின் பலமும் பலவீனமும் இந்த ஒரு காட்சியிலேயே அடங்கிவிடுகின்றன. சாதாரணமாக ஒரு வெற்றிப் படத்தின் வீடியோ வெளியீட்டை எடை போட மூன்று கேள்விகள் போதும்: படம் தெளிவாக இருக்கிறதா, ஒலி நன்றாக இருக்கிறதா, கூடுதலாக என்ன தருகிறார்கள்? இந்த டிஸ்க்குக்கு அவை போதா. தியேட்டரில் ஓடிக் காசு குவித்த ஒரு படத்தை நகர்த்திவிட்டு, எவரும் பார்க்காத இன்னொரு படத்தை அந்த இடத்தில் வைக்க முயல்கிறது இது. எந்தப் படம் உண்மையான ‘சூப்பர்மேன் 2’ என்பதுதான் இங்கே கேள்வி.

பிரச்சினை 1977இல் தொடங்கியது. தயாரிப்பாளர்களான அலெக்சாண்டர் சால்கைண்ட், அவர் மகன் இல்யா சால்கைண்ட், பியர் ஸ்பெங்லர் மூவரும் முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் ஒரே மூச்சில் எடுத்து முடிக்கத் திட்டமிட்டனர். இயக்குநர் ரிச்சர்ட் டோனர். செலவு ஏறியது, நாட்கள் ஓடின. டோனருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் பேச்சே நின்றுபோகும் நிலை. இருதரப்புக்கும் இடையே தூது போக ரிச்சர்ட் லெஸ்டர் என்ற இயக்குநர் அழைத்து வரப்பட்டார். சால்கைண்டுகளுக்காக ஏற்கெனவே ‘த்ரீ மஸ்கட்டீர்ஸ்’ எடுத்தவர் அவர். இரண்டாவது படம் சுமார் முக்கால் பங்கு முடிந்த நிலையில் ஓரங்கட்டப்பட்டது. முதல் படத்தை முடிப்பதில் எல்லோரும் இறங்கினர்.

1978 டிசம்பரில் வெளியான ‘சூப்பர்மேன்’ அமெரிக்காவில் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மனிதன் பறப்பான் என்று நம்ப வைத்த டோனருக்குப் பரிசாகக் கிடைத்தது வேலைநீக்கம். மீதிப் படத்தை முடிக்கும் பொறுப்பு, தூது வந்த லெஸ்டரிடமே போனது.

லெஸ்டர் மிச்சத்தை மட்டும் எடுத்து முடிக்கவில்லை. இயக்குநராகத் தன் பெயரைப் போட வேண்டுமானால் கணிசமான பகுதி தன் கையால் எடுத்ததாக இருக்க வேண்டும். எனவே டோனர் எடுத்து முடித்திருந்த பல காட்சிகள் ஒதுக்கப்பட்டுப் புதிதாக எடுக்கப்பட்டன. வில்லன் லெக்ஸ் லூத்தராக நடித்த ஜீன் ஹேக்மன் திரும்பி வர மறுத்துவிட்டார். அவருக்கு டூப் போட்டும் வேறு குரல் கொடுத்தும் சமாளித்தனர். சூப்பர்மேனின் தந்தை ஜோர்-எல் வேடத்தில் மார்லன் பிராண்டோ நடித்த காட்சிகள் மொத்தமும் தூக்கப்பட்டன. முதல் படத்தின் வசூலில் அவருக்குப் பங்கு தரும் ஒப்பந்தம் இருந்தது. இரண்டாவதிலும் அவர் முகம் தெரிந்தால் அதிலும் பங்கு தர வேண்டும். தந்தை பேச வேண்டிய வசனங்கள் தாயாக நடித்த சூசன்னா யார்க்கிடம் போயின. 1980 இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் 1981 ஜூனில் அமெரிக்காவிலும் வந்த லெஸ்டர் பதிப்பு நன்றாகவே ஓடியது. அதில் டோனர் எடுத்த காட்சிகள் இருந்தன. இயக்குநராக அவர் பெயர் இல்லை.

டோனரின் காட்சிகள் என்ன ஆயின என்ற கேள்வியை ரசிகர்கள் விடவில்லை. 1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் படம் காட்டப்பட்டபோது, தியேட்டரில் இல்லாத சில துண்டுகள் தலைகாட்டின. அது ஆவலைக் கிளறியது. பின்னர் இணையம் வந்தது. கடிதங்களும் கோரிக்கைகளும் ஸ்டூடியோவுக்குக் குவிந்தன. முதல் படத்தின் 2001 டிவிடிக்காகச் சீரமைப்பு வேலை பார்த்த மைக்கேல் தா, இங்கிலாந்தில் டப்பாக்களில் கிடந்த நெகடிவ்களைத் தேடி எடுத்தார். ஒரு காட்சி இரண்டு காட்சி அல்ல. டன் கணக்கில் ஃபிலிம். பிராண்டோவின் காட்சிகளுக்கு மட்டும் சட்டச் சிக்கல் இருந்தது. 2006இல் வந்த ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துக்காக அவருடைய வாரிசுகள் தரப்புடன் ஏற்பட்ட உடன்பாடு அந்தக் கதவையும் திறந்தது. பிராண்டோ, ரீவ் இருவருமே 2004இல் காலமாகியிருந்தனர். டிஸ்க் ரீவின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை பாடுபட்டுக் கிடைத்தது என்ன? முதலாவதாக, ஒரு தந்தை. காதலுக்காகத் தன் சக்தியைத் துறக்கத் துணியும் மகனிடம் ஜோர்-எல் வாதாடுகிறார். உலகுக்குச் செய்ய வேண்டிய கடமையா, ஒருத்தியோடு வாழும் இன்பமா என்ற பழைய கேள்வி. மகன் இன்பத்தைத் தேர்ந்தெடுக்கிறான். பின்னர் சாலையோர ஓட்டல் ஒன்றில் சாதாரண மனிதனாக உதை வாங்கி, ரத்தம் கசிய, வெட்கத்தோடு பனிக் கோட்டைக்குத் திரும்பி அப்பாவைக் கூப்பிடுகிறான். மிஞ்சியிருந்த தன் கடைசி ஆற்றலையும் மகனுக்குக் கொடுத்துவிட்டுத் தந்தை நிரந்தரமாக மறைகிறார். லெஸ்டர் பதிப்பில் ஒரு பச்சைப் படிகம் மின்னுகிறது. சக்தி எப்படித் திரும்பியது என்பதே விளங்காது. டோனர் பதிப்பில் அதற்கு ஒரு விலை இருக்கிறது. முதல் படத்தில் தந்தை சொன்ன வார்த்தைகள் இங்கேதான் பலிக்கின்றன. இரண்டு படங்களும் ஒரே கதை என்பது இந்த ஒரு காட்சியில் புரிந்துவிடுகிறது. பங்குத்தொகையை மிச்சம் பிடிக்கப் படத்தின் இதயத்தையே வெட்டி வைத்திருந்தார்கள் என்பதும்தான்.

இரண்டாவது லாபம், லூயிஸ் லேன். படத்தின் தொடக்கத்திலேயே பத்திரிகையில் வந்த சூப்பர்மேன் படத்தின்மேல் பேனாவால் தொப்பியும் கண்ணாடியும் வரைந்து பார்த்து உண்மையை ஊகித்துவிடுகிறாள். நிரூபிப்பதற்காக அலுவலக ஜன்னலிலிருந்தே குதித்துவிடுகிறாள். கிளார்க் ரகசியமாகக் காப்பாற்றுவதும் அவள் அசடு வழிவதும் நல்ல நகைச்சுவை. லெஸ்டர் பதிப்பில் கிளார்க் கால் தடுக்கி நெருப்பில் கைவைத்து அகப்படுகிறான். இங்கே லூயிஸ் தன் மூளையால் பிடிக்கிறாள். நிருபர் என்ற பெயருக்குத் தகுந்த பெண்.

இனி குறைகள். முடிவுதான் பெரிய ஏமாற்றம். சூப்பர்மேன் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றுகிறான். நடந்தது எதுவும் நடக்காததாகிவிடுகிறது. இது இரண்டாவது படத்துக்காகவே எழுதப்பட்ட முடிவு. முதல் படத்துக்கு வலுவான உச்சக்கட்டம் தேவைப்பட்டபோது அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. வேறு முடிவு யோசிக்க டோனருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. விளைவு: இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரே வித்தையை இருமுறை பார்க்கிறார். தன்னை உதைத்தவனை ஓட்டலுக்குத் திரும்பப் போய் சூப்பர்மேன் பழிவாங்கும் காட்சி இன்னும் மோசம். காலம்தான் பின்னே போய்விட்டதே! அந்த ஆள் செய்யாத குற்றத்துக்கு அடி வாங்குகிறான்.

படத்தின் தோற்றத்திலும் தையல் தெரிகிறது. டோனரின் காட்சிகளை ஒளிப்பதிவு செய்தவர் ஜெஃப்ரி அன்ஸ்வர்த். மெல்லிய பனித்திரை போர்த்தினாற்போல ஒளி பரவுவது அவர் பாணி. அதை டிஸ்க்கின் மங்கல் என்று நினைத்துவிடக்கூடாது. அவர் 1978இல் காலமானார். டோனர் எடுக்காத இடங்களை நிரப்ப லெஸ்டரின் காட்சிகளையே கடன் வாங்க வேண்டியிருந்தது. அவற்றை எடுத்தவர் ராபர்ட் பெயின்டர். காமிக்ஸ் கட்டங்களைப் போலப் பளிச்சென்று, தட்டையாக இருக்கும் காட்சிகள் அவை. இரண்டும் அருகருகே வரும்போது கண் உறுத்துகிறது. புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் சில இடங்களில் சிக்கனமாகவே இருக்கிறது. இசையில் லாபம் அதிகம். லெஸ்டர் பதிப்புக்குக் கென் தோர்ன் அமைத்த இசைக்குப் பதிலாக, முதல் படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் தந்த இசையே பெரும்பாலும் ஒலிக்கிறது.

கூடுதல் பகுதிகளில் முக்கியமானது டோனரும் எழுத்தாளர் டாம் மேன்கீவிச்சும் படத்தோடு சேர்ந்து பேசும் விளக்கவுரை. பழைய காயத்தைச் சிரிப்பில் மறைத்துப் பேசுகிறார்கள். சில இடங்களில் மறைக்கவும் இல்லை. நெகடிவ்கள் மீண்ட கதையைச் சொல்லும் ஒரு குறும்படமும் உண்டு. லெஸ்டர் தரப்பின் குரல் மட்டும் எங்கும் கேட்பதில்லை. இது நியாயமல்ல. 127 நிமிடம் ஓடும் லெஸ்டர் பதிப்பு 116 நிமிட டோனர் பதிப்பைவிடச் சீராக ஓடுகிறது. துண்டு துண்டாகத் தெரியாத முழுப்படம் அது. ஒரு தலைமுறையே ரசித்த படமும்கூட. இன்னொருவர் விட்டுப்போன வேலையைக் கட்டளைப்படி முடித்துக் கொடுத்தவர் மேல் எல்லாப் பழியையும் சுமத்திவிட முடியாது.

அப்படியானால் எது உண்மையான ‘சூப்பர்மேன் 2’? இரண்டுமே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். டோனர் எடுத்து முடித்திருக்கக்கூடிய படம் 1979லேயே இறந்துவிட்டது. டிஸ்க்கில் இருப்பது அதன் மிச்சங்களைக் கொண்டு எழுப்பிய மாதிரி வடிவம். 2021இல் வந்த ‘ஜாக் ஸ்னைடர்ஸ் ஜஸ்டிஸ் லீக்’கும் ரசிகர்களின் நெருக்குதலால் பிறந்ததுதான். ஆனால் ஸ்னைடருக்குப் பல கோடி டாலரும் நடிகர்களை மீண்டும் அழைக்கும் வசதியும் கிடைத்தன. டோனருக்குக் கிடைத்தது பழைய ஃபிலிமும் கத்திரியும்தான்.

ஃபிலிமாவது இருந்ததே என்பது இந்திய ரசிகர்களுக்குப் பெருமூச்சு தரும் விஷயம். இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வுக்கும் (1931) அதே ஆண்டு வந்த தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸு’க்கும் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. நல்ல உதாரணமும் உண்டு. 1975இல் ‘ஷோலே’யின் முடிவில் தாக்கூர் கப்பர் சிங்கைக் கொல்வதைத் தணிக்கைக் குழு ஏற்கவில்லை, போலீஸ் வந்து தடுப்பதாக ரமேஷ் சிப்பி மாற்றி எடுத்தார். அசல் முடிவோடு சீரமைக்கப்பட்ட பிரதி, 50 ஆண்டுகள் கழித்து 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனா விழாவில் திரையிடப்பட்டது. அங்கும் இங்கும் பாடம் ஒன்றுதான். வேண்டாம் என்று வெட்டிய துண்டை எவரோ எறியாமல் வைத்திருந்தார்கள்.

டோனர் 2021இல் 91 வயதில் மறைந்தார். 2023இல் 4கே தரத்தில் சூப்பர்மேன் படங்களின் தொகுப்பு வந்தபோது லெஸ்டர் பதிப்பும் டோனர் பதிப்பும் ஒரே பெட்டியில் இடம்பெற்றன. வாங்குபவர்கள் முதலில் லெஸ்டரைப் பார்த்துவிட்டு டோனருக்குப் போவது நல்லது. பொழுதுபோக்க முதலாவது போதும். ஒரு படம் எங்கே, எதற்காக, யாரால் திசைமாறியது என்று தெரிந்துகொள்ள இரண்டாவது வேண்டும். 1980இல் தன் பெயரே இல்லாமல் வெளியான படத்தில், 76 வயதில் டோனர் தன் பெயரைப் பார்த்துவிட்டார்.