உங்கள் பள்ளி ஆண்டு மலரில் எல்லா முகமும் இருக்கிறதா? - ராயபுரத்திலிருந்து ஒரு வழிகாட்டி!

கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு பீரோவில் ஓர் ஆண்டு மலர் இருக்கிறது. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் நிற்பது நான். கீழே அச்சாகியிருப்பது வேறொருவன் பெயர். அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம்.

ஆனால், என் பக்கத்து பெஞ்ச் நண்பன் அந்தப் புத்தகத்திலேயே இல்லை. போட்டோ எடுத்த அன்று அப்பாவோடு காசிமேட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். பத்தாம் வகுப்போடு படிப்பையும் நிறுத்திவிட்டான். அவன் எங்களோடு படித்தான் என்பதற்கு எங்கள் கையில் ஒரு படம்கூட இல்லை.

ஆண்டு மலர் என்பது வெறும் விழா நினைவுப்பொருள் அல்ல. சில பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூட வாழ்க்கையின் ஒரே ஆவணம். இந்த ஆண்டு உங்கள் பள்ளியில் மலர் போடும் பொறுப்பு உங்களிடம் வந்தால் என்ன செய்யலாம்?

முதலில் பட்டியல், பிறகு டிசைன்

பலரும் அட்டைப்படத்தில் தொடங்குவார்கள். தொடங்க வேண்டியது வருகைப் பதிவேட்டில். எத்தனை மாணவர்கள், எத்தனை பிரிவுகள் என்று எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு 20 முகங்கள் (5 வரிசை, வரிசைக்கு 4) வைத்தால், 120 மாணவர்களுக்கு 6 பக்கங்கள் போதும். மீதிப் பக்கங்களை கதை, கவிதை, ஓவியம், விளையாட்டு, ஆசிரியர்கள் எனப் பிரியுங்கள்.

மொத்தப் பக்கம் 4-ன் மடங்காக இருக்க வேண்டும். தாளை மடித்து நடுவில் பின் அடிக்கும் 'சென்டர் பின்' புத்தகத்துக்கு இது கட்டாயம். அச்சகத்தில் 8 அல்லது 16 பக்கங்களை ஒரு 'ஃபாரம்' என்று சேர்த்து அடிப்பார்கள். அதனால் 46 பக்கம் என்று போய் நிற்காதீர்கள். 48 என்றால் சரியாக மூன்று ஃபாரம்!

பழைய நோட்டுத் தாள்களை மடித்து, பக்க எண் எழுதி ஒரு 'டம்மி' புத்தகம் செய்யுங்கள். எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்று பென்சிலில் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

போட்டோவில் கவனம்

உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு மர நிழலிலோ, கட்டட நிழலிலோ எடுங்கள். பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து எழுதினால், என் பெயருக்கு நடந்ததுதான் நடக்கும்.

முக்கியமாக, இரண்டாவது போட்டோ நாள் ஒன்றை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். காய்ச்சல், வேலை, யூனிஃபார்ம் இல்லாத தயக்கம் என முதல் நாள் வராதவர்களுக்குக் காரணம் ஆயிரம் இருக்கும். அதற்கும் வராதவர்கள் பெயரையாவது அந்தப் பக்கத்தில் அச்சிடுங்கள்.

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வேண்டும். ஏ4 முழுப்பக்கப் படம் என்றால் 2,480 x 3,508 பிக்ஸல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அச்சில் மங்கலாகிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். பிள்ளைகளின் படத்தை அச்சிடவும், இணையத்தில் போடவும் பெற்றோரிடம் தனித்தனியாக எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்து உடைகிறதா?

மாணவர்கள் மொபைலில் தட்டச்சு செய்வது யூனிகோட். சில அச்சகங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'ஸ்ரீ' காணாமல் போகும். எந்த எழுத்துரு வேண்டும் என்று முதல் நாளே அச்சகத்தில் கேட்டுவிடுங்கள். கடைசியில் எழுத்துருக்கள் பதிந்த பி.டி.எஃப் ஆகக் கொடுங்கள். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியாமல் இருக்க, நாலாபுறமும் படத்தை 3 மி.மீ. வெளியே நீட்டிவிடுவது அவசியம்.

பெயர்களுக்கு மட்டும் தனி புரூஃப் எடுங்கள். அதை வகுப்பில் சுற்றுக்கு விட்டு, ஒவ்வொரு மாணவரும் தன் பெயரைப் பார்த்து கையெழுத்துப் போடட்டும். இனிஷியலையும் பாருங்கள். தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருக்கிறது.

செலவைக் குறைக்க...

ஆஃப்செட்டில் பிளேட் செலவு 300 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் பிரதி கூடக் கூட ஒரு புத்தகத்தின் விலை குறையும். நூறுக்குள் போதும் என்றால் டிஜிட்டல் பிரிண்ட் கட்டுப்படியாகும். கலர் பக்கங்களை அங்கங்கே சிதறவிடாமல் ஒரே ஃபாரத்தில் சேர்த்தால், மற்ற பக்கங்களைக் கறுப்பு-வெள்ளையில் முடிக்கலாம்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி. பேப்பர் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெரு பாரிமுனையில் பக்கத்திலேயே இருக்கிறது. நேரில் போய் தாளைத் தொட்டுப் பார்த்து, இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். டிசம்பரில் அச்சகங்கள் காலண்டர், டைரியில் மூழ்கியிருக்கும். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை. எனவே தேதியை முன்பே பேசி வையுங்கள்.

உள்ளே என்ன எழுதலாம்?

இதே பாரிமுனையில் இயங்கிய காலத்தில்தான் மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி, 1883-ல் தன் இதழைத் தொடங்கியது. தாம்பரத்துக்கு அது போனது 1937-ல். கல்வி நிலைய இதழ்களுக்கு நம் ஊரில் அத்தனை நீண்ட பாரம்பரியம் இருக்கிறது!

தலைவர்களின் வாழ்த்துச் செய்திகளுக்கே எட்டுப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? அவற்றை ஒரே பக்கத்தில் அடக்கிவிட்டு, மாணவர்களை ஊருக்குள் அனுப்புங்கள். 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. 1949-ல் தி.மு.க தொடங்கப்பட்ட ராபின்சன் பூங்காவும் இங்கேதான். துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா, காசிமேட்டில் மீன் விற்கும் பாட்டி, பள்ளி வாசலில் மாங்காய் பத்தை விற்கும் அக்கா... இவர்களிடம் எடுக்கும் ஒரு பக்கப் பேட்டி, இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் பொன்மொழிகளைவிட ஆயிரம் மடங்கு மேல்.

போன வருடம் அந்த நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். மலரை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முகமாக விரல் வைத்து எல்லார் பெயரையும் சரியாகச் சொன்னான், கீழே தப்பாக அச்சாகியிருந்த என் பெயர் உட்பட. பிறகு மூடி வைத்துவிட்டு டீ கேட்டான்.

உங்கள் மலர் அச்சுக்குப் போகும் முன், வருகைப் பதிவேட்டை எடுத்து ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஒருவர் குறைந்தாலும் அச்சகத்துக்கு போன் போட்டு, ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள்.