வெளிநாட்டில் இருந்து திரும்பும் பெரியவர்களே உஷார்! பழைய பேங்க் பாஸ்புக்கை அப்படியே வைத்திருந்தால் சிக்கல்

நெல்லிக்குப்பம்,-

நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போனவர் ஒருத்தராவது இருப்பார். அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் போனவர்கள் உண்டு. அதற்குப் பிறகு நம்ம மாவட்டத்து ஊர் பெயரையே தாங்கி ஓடிய எம்.வி.சிதம்பரம் கப்பலில் போனவர்கள் உண்டு. 1985-ம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பலின் பயணம் நின்றுபோனது. அப்புறம் எல்லாம் விமானம்தான்.

அப்படிப் போனவர்களில் பலருக்கு இப்போது 60, 70 வயது ஆகிவிட்டது. வேலை முடிந்தது. பிள்ளைகள் அங்கேயே செட்டில். "கடைசி காலத்தை ஊரில் கழிப்போம், பேரப்பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்று கிளம்பி வருகிறார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் வந்து இறங்கிய பிறகுதான் பாஸ்போர்ட் ஒரு பக்கமும் பாஸ்புக் ஒரு பக்கமும் இழுக்க ஆரம்பிக்கிறது.

பீரோவில் கிடந்த பாஸ்புக்

வெளியில் எங்கும் போகவேண்டாம், என் சொந்த தாய்மாமா கதையே இதுதான். சிங்கப்பூர் போவதற்கு முன்னாடி ஊரில் ஒரு பேங்கில் சேமிப்பு கணக்கு ஆரம்பித்தார். பிறகு அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார். ஊர் கணக்கை மறந்தே போனார். பாஸ்புக் மட்டும் அத்தை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

ரிட்டயர் ஆகி வந்து பேங்குக்குப் போனால், கணக்கு உயிரோடு இல்லை. 2 வருஷம் வாடிக்கையாளர் எந்த வரவு செலவும் செய்யாவிட்டால் அது செயல்படாத கணக்கு. 10 வருஷம் யாரும் தொடாவிட்டால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கி நடத்தும் நிதிக்குப் போய்விடும். பணம் எங்கும் தொலைந்துவிடாது, எப்போது வேண்டுமானாலும் அதே பேங்க் மூலமாக கேட்டு வாங்கலாம். ஆனால் மாமா கையில் இருந்தது சிங்கப்பூர் பாஸ்போர்ட். கணக்கில் இருந்ததோ இந்தியக் குடிமகன் என்ற பதிவு. "நீங்கள் யார்?" என்று நிரூபிக்கவே ஏழு மாசம் நடந்தார். பணம் என்னவோ பெரிய தொகை இல்லை. அலைந்த அலைச்சல்தான் பெரிது.

ஒரே நேரத்தில் இரண்டு குடியுரிமை கிடையாது

நம்ம ஆட்கள் பலர் இன்னும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கும் விஷயம் இது. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் விரும்பி இன்னொரு நாட்டு குடியுரிமை வாங்கிய உடனே இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடும். தனியாக யாரும் நோட்டீஸ் அனுப்பமாட்டார்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சான்றிதழ் வாங்கவேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டையும் வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் மாற்றி மாற்றி காட்டுவது குற்றம்.

நிரந்தர வாசி உரிமம், அதாவது பி.ஆர். வாங்கியவர்கள் கதை வேறு. அவர்கள் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்தான். அவர்களுக்கு இங்கே வர விசாவே தேவையில்லை. ஆனால் ஊரிலேயே தங்கிவிட்டால் அந்த நாட்டு பி.ஆர். ஆட்டம் காணும். சிங்கப்பூர் பி.ஆர். உள்ளவர்கள் திரும்ப உள்ளே போக ரீ-என்ட்ரி பெர்மிட் செல்லுபடியாக இருக்கவேண்டும். துபாயில் சாதாரண ரெசிடன்ஸ் விசாவோடு இருப்பவர் 6 மாசத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாக அந்த விசா ரத்து ஆகிவிடும். "ஊரில் ஒரு வருஷம் இருந்துட்டு திரும்பிப் போறேன்" என்பது அங்கே நடக்காது.

குடியுரிமை மாறியவர்களுக்கு கை கொடுப்பது ஓ.சி.ஐ. அட்டை. 2006-ம் ஆண்டு தொடங்கிய திட்டம் இது. அதற்கு முன்பு இருந்த பி.ஐ.ஓ. அட்டையை 2015-ம் ஆண்டு இதோடு சேர்த்துவிட்டார்கள். இந்த அட்டை இருந்தால் ஆயுள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தங்கலாம். போலீசில் பதிவு செய்யவும் தேவையில்லை. சுற்றுலா விசாவில் வந்தவர் அதில் போட்டிருக்கிற நாளுக்குள் கிளம்பியாக வேண்டும். இவருக்கு அந்தக் கவலை இல்லை. 182 நாள் இங்கே குடியிருந்தால் ஆதார் எடுக்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

அங்கே இருக்கும்போதே இந்தியத் தூதரகம் மூலமாக விண்ணப்பிப்பதுதான் சுலபம். கட்டணம் 275 அமெரிக்க டாலருக்குச் சமமான அந்த நாட்டுப் பணம். இங்கே வந்து சுற்றுலா விசாவில் உட்கார்ந்துகொண்டு ஓ.சி.ஐ.க்கு அலைவது தலைவலி. 50 வயதுக்கு மேல் பாஸ்போர்ட் புதுப்பித்தால் அதன் நகலையும் புது போட்டோவையும் ஆன்லைனில் ஒரு தடவை ஏற்றவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

எந்தக் கணக்கு யாருக்கு?

வெளிநாட்டில் வேலைக்குப் போய் அங்கே குடியிருப்பவர், இந்திய பாஸ்போர்ட்டோ வெளிநாட்டு பாஸ்போர்ட்டோ, ஊரில் சாதா சேமிப்பு கணக்கு வைத்திருக்கக்கூடாது. பெமா எனப்படும் அன்னியச் செலாவணி சட்டம் அப்படிச் சொல்கிறது. பழைய கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். ஊரில் வரும் வாடகை, கரும்பு பணம், பென்ஷன் எல்லாம் இதில் விழும். வட்டிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துவிட்டுத்தான் தருவார்கள். இரட்டை வரி ஒப்பந்தம் உள்ள நாட்டில் இருப்பவர் அந்த நாட்டு வரி அலுவலகச் சான்று கொடுத்தால் இது குறையும்.

வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு. இதில் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப வெளியே எடுத்துப் போகலாம். என்.ஆர்.ஓ.வில் இருந்து வெளியே அனுப்ப ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரைதான் அனுமதி. அதற்கும் வரி கட்டிய சான்று கேட்பார்கள்.

இதுவரை பலருக்கும் தெரியும். நிரந்தரமாக ஊருக்கு வந்த பிறகு என்ன என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். "இனி இங்கேதான்" என்று வந்து குடியேறிவிட்டால், கையில் வெளிநாட்டு பாஸ்போர்ட் இருந்தாலும், பெமா கணக்கில் அவர் இந்தியாவில் வசிப்பவர். என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. இரண்டையும் சாதா கணக்காக மாற்றவேண்டும். என்.ஆர்.இ. பணத்தை வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க விரும்பினால் ஆர்.எப்.சி. என்று ஒரு கணக்கு உண்டு. அங்கிருந்து வரும் ஓய்வூதியப் பணத்தையும் அதில் போடலாம். வட்டிக்கு வரி இல்லை என்பதற்காக என்.ஆர்.இ.யை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால், பிடிபடும்போது சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட பெமாவில் இடம் இருக்கிறது.

மாற்றுவதில் ஒரு லாபமும் உண்டு. மூத்த குடிமக்களுக்கு பேங்குகள் பிக்சட் டெபாசிட்டில் தரும் கூடுதல் வட்டி என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. டெபாசிட்டுக்குக் கிடையாது. சாதா கணக்குக்கு உண்டு.

சிங்கப்பூர், மலேசியாவில் உள்ள கணக்கை மூடவேண்டுமா என்றால், தேவையில்லை. அங்கே வசித்த காலத்தில் சேர்த்த பணம், சொத்து எதையும் அப்படியே வைத்திருக்க பெமா அனுமதிக்கிறது. ஆனால் அந்த பேங்கின் ஓ.டி.பி. அந்த நாட்டு சிம்முக்குத்தான் வரும். சிம் செத்தால் கணக்கும் செத்த மாதிரி. ரீசார்ஜ் விட்டுவிடாதீர்கள்.

வரிக்கு வேறு கணக்கு

பெமா பார்ப்பது ஒருவரின் நோக்கத்தை. வருமான வரித்துறை பார்ப்பது நாட்களை. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் பொதுவாக அவர் இங்கே வசிப்பவர். ரொம்ப வருஷம் வெளியே இருந்து திரும்பியவருக்கு முதல் இரண்டு, மூன்று வருஷம் சலுகை உண்டு. அப்போது வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகைக்கு இங்கே வரி இல்லை. அந்தச் சலுகை முடிந்ததும் வெளிநாட்டு கணக்கை வருமான வரி கணக்கில் காட்டியே ஆகவேண்டும். 2015-ம் ஆண்டு கருப்புப் பண சட்டத்தில் இதைக் காட்டாவிட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம். வீடு, மனை அல்லாத சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரில் தளர்த்தினார்கள். தொகை சின்னதாக இருந்தாலும் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அந்த பீஸில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

கரும்பு நிலம், வெற்றிலைத் தோட்டம்

நெல்லிக்குப்பத்துக்கே உரிய சிக்கல் இது. வெளிநாட்டில் வசிப்பவர் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், இந்திய பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும், வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு வாங்கக்கூடாது. தானமாகவும் பெறக்கூடாது.

ஆகவே ஊரில் இருக்கும் அப்பா, சிங்கப்பூர் மகன் பேருக்கு கரும்பு நிலத்தை தான செட்டில்மென்ட் எழுதினால் அது செல்லாத காரியம். அதே நிலம் அப்பா காலத்துக்குப் பிறகு வாரிசு முறையிலோ, உயில் மூலமாகவோ மகனுக்கு வந்தால் தடை இல்லை. பிறகு மகன் விற்பதாக இருந்தால் இங்கே வசிப்பவருக்குத்தான் விற்கமுடியும். உயிரோடு இருக்கும்போதே பேரை மாற்றி வைக்கும் பழக்கம் நம்ம பக்கம் அதிகம். அவசரப்படாமல் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

பக்கத்து ஊர் பிரெஞ்சு பென்ஷன்

கடலூர் தாண்டினால் புதுச்சேரி. 1962 ஆகஸ்டு 16-ந்தேதி பிரான்சுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் அங்கே உண்டு. கல்யாண உறவில் நம்ம மாவட்டத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கும் ஓ.சி.ஐ.க்கு வழி இருக்கிறது. 1947-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதிக்காரர்களும் சட்டத்தில் அடக்கம்.

பிரான்ஸ் பென்ஷன் இங்கே வாங்குபவர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றை வருஷா வருஷம் அனுப்பவேண்டும். தவறினால் பென்ஷன் நிறுத்தப்படும். உழைத்து வாங்கும் பென்ஷனுக்கு எந்த நாட்டில் இருந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் வருமானம் குறைந்த முதியோருக்கு அந்த அரசு தரும் உதவித்தொகை வேறு. அதற்கு வருஷத்தில் 9 மாசத்துக்கு மேல் பிரான்சிலேயே இருக்கவேண்டும் என்று 2023-ல் விதி இறுக்கப்பட்டது. அதை வாங்கிக்கொண்டு இங்கே வந்து வருஷக்கணக்கில் தங்குபவர்கள், வாங்கியதைத் திருப்பிக் கட்டும்படி ஆகும்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனால்?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அப்பா, அம்மா மூணு மாசம் பிள்ளை வீட்டுக்குப் போய் வருவதால் என்.ஆர்.ஐ. ஆகிவிடமாட்டார்கள். கணக்கை மாற்றத் தேவையில்லை. ஊருக்குத் திரும்பிக் குடியேறிய ஓ.சி.ஐ. பெரியவருக்கும் அப்படித்தான். போய் வருவது வேறு, குடிபெயர்வது வேறு.

பிள்ளைகள் பக்கத்திலும் ஒரு வசதி வந்திருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், பிரான்ஸ் உள்பட 12 நாட்டு செல்போன் எண்ணை வைத்தே என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்கில் இருந்து யு.பி.ஐ.யில் பணம் போடலாம். பெரியவர் மருந்துக்கடையில் நிற்கும்போது மகன் அங்கிருந்தே கட்டிவிடலாம்.

மறந்துபோன பழைய கணக்கு எந்த பேங்கில் கிடக்கிறது என்று பார்க்க ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளம் தொடங்கியது. பெயரும் பிறந்த தேதியோ பான் எண்ணோ போட்டால் தேடித் தரும். மாமாவுக்கு அதில் தேடியதில் இன்னொரு பழைய கணக்கும் சிக்கியது. அதற்கான பாஸ்புக்கை அத்தை இப்போது பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறார்.